ராடெனுக்கு அவித்த காடை முட்டை

கிளாத்தென்,
ஞாயிறு.

காலிமந்தான் செம்பனைத் தோட்டத்தில் பாடுபடும் என் மரியாதைக்குரிய மச்சான் துகிமான் அவர்களுக்கு, உங்கள் தங்கை வார்த்தினாவின் வீட்டுக்காரன் பர்தியோ சலாம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கேயும் இறைவன் அருளால் அப்படியே இருக்கட்டும். சுகம் என்பது மரியாதைக்கு எழுதினது. உண்மையில் உங்கள் தங்கைக்கு நீங்கள்தான் புத்தி சொல்ல வேண்டும்.

போன வாரம், ஊர்க்கூடத்தில் மாதாமாதம் குழந்தைகளை நிறுத்து அளந்து பார்க்கிற சுதர்மி அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். நம் கினாசிக்கு இரண்டு வயசு, ஆனால் ஒன்றரை வயசுப் பிள்ளை உயரம்தான் இருக்கிறாளாம். உங்கள் வம்சமே குள்ளம்தானே, கோபிக்காதீர்கள், அதைத்தான் சொன்னேன். இது வம்சம் இல்ல தம்பி, சாப்பாடு, இப்ப விட்டா அப்புறம் பிடிக்க முடியாது, உசரம் மட்டுமில்ல படிப்பும் அடிவாங்கும் என்றார். அதோடு போயிருக்கலாம். கூண்டைப் பார்த்து, குருவி என்ன சாப்பிடுது என்று கேட்டுத் தொலைத்தார். போன குருவிப் பாட்டுப் போட்டியில் பரிசு வாங்கின நம்ம ராடெனைப் பற்றிக் கேட்டால் நான் சும்மா இருப்பேனா? காலையில் வெட்டுக்கிளி, மத்தியானம் எறும்பு முட்டை, போட்டி வாரத்தில் அவித்த காடை முட்டை தேன் தொட்டு என்று வாயாரச் சொன்னேன்.

“சரி, கினாசி என்ன சாப்பிடுறா?”

“நாங்க சாப்பிடறதைத்தான்.”

“சோறும் கீரைத்தண்ணியும்,” என்று உள்ளேயிருந்து உங்கள் தங்கை. “மீன் இருந்தா அவருக்கு, முட்டை இருந்தா குருவிக்கு.”

ஊர்ப் பொம்பளை முன்னால் மானம் போச்சு மச்சான். முட்டை தின்றால் பிள்ளைக்குக் கட்டி வரும் என்று ஊருக்கே தெரியும். தவிர, கினாசிக்கு முட்டை பிடிக்கவே பிடிக்காது.

இன்று போட்டி. மற்ற குருவிகள் எல்லாம் தொண்டை கிழியப் பாடுகின்றன, நம்ம ராடென் சிறகை உப்பிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. நான் எவ்வளவு கத்தியும் ஒரு சத்தம் இல்லை. வீட்டுக்கு வந்து விசாரித்தால், நான் செங்கல் சூளை வேலைக்குப் போனபிறகு வாரம் முழுக்க அதற்கு வைத்தது சோற்றுப் பருக்கையும் வெந்த கீரையும். ஏண்டி என்றேன்.

“நாங்க சாப்பிடறதைத்தான் வெச்சேன்,” என்கிறாள்.

ஒரே வாரம், அதற்குள் எப்படிச் சுருண்டுவிட்டது தெரியுமா? வாயில்லா ஜீவன், பார்க்கச் சகிக்கவில்லை. நாலு வார்த்தை கடுமையாக எழுதுங்கள். அண்ணன் சொன்னால்தான் அடங்குவாள். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
பர்தியோ

பி.கு. ராடெனைத் தேற்றக் காடை முட்டை அவித்து மேசையில் ஆற வைத்துவிட்டுத்தான் இதை எழுதினேன். திரும்பிப் பார்த்தால், எட்டாத மேசைப் பக்கத்தில் நுனிக்காலில் நின்று கிண்ணத்தை இழுத்து, கினாசி அத்தனையும் தின்றுவிட்டாள். வாயெல்லாம் மஞ்சள். “அப்பா, இன்னும்,” என்கிறாள். பிடிக்காது என்று மேலே எழுதினேன் அல்லவா, கொடுத்துப் பார்த்தவனா நான்? உங்கள் தங்கைக்கு ஒன்றும் எழுத வேண்டாம். தோட்டத்தில் குருவி வாங்க யாராவது இருந்தால் மட்டும் சொல்லுங்கள், கூண்டோடு தருகிறேன். நல்ல குருவி, ஒழுங்காகச் சாப்பாடு போட்டால் பாடும்.