முள்ளம்பன்றி பெண் பார்க்கப் போன கதை

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளை பாவம், அன்றைக்கு என்னைப் பார்த்திருந்தால் அந்தப் பழமொழியில் தன் இடத்தை எனக்கே விட்டுக்கொடுத்திருக்கும்.

அப்போது நான் பகாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலையாட்களை மேய்க்கும் மண்டோர். “பையன் ரொம்பப் பேசுறான்” என்று ஆறு வீடுகள் என்னைத் தட்டிக்கழித்திருந்தன. ஏழாவது, லிங்கியில். பெண்ணின் படத்தைப் பார்த்ததுமே மனம் அங்கேயே தங்கிவிட்டது. ஆசிரியை; வாரக் கடைசியில் கடலோரத்தில் பறவை பார்ப்பாளாம். விடுவேனா? கைப்பேசியில் ஒரு கடற்பறவைக் காணொளி பார்த்தேன். (தோட்டத்தில் இணைய லைன் பாதியில் போய்விட்டது. வினை அங்கேதான்.)

“வாய மூடிக்கிட்டு கேசரி சாப்புடு. இதுவும் போச்சுன்னா அடுத்த தடவ நான் வரமாட்டேன்” என்றாள் அக்கா, பெண் வீட்டு வாசலில்.

கேசரி தீர்ந்தது. வாய் சும்மா இருக்குமா?

“நான் முள்ளம்பன்றி மாதிரிங்க. வளை தோண்டுனா அங்கேயே இருப்பேன். உங்க பொண்ணு ஃபிரிகேட்னு ஒரு கடற்பறவை மாதிரி. அழிஞ்சுக்கிட்டு வர்ற அபூர்வம். வாரக்கணக்கா தரை எறங்காது!”

பெண்ணின் அப்பாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. “அது என்ன தம்பி சாப்புடும்?”

“மீனுங்க. கடல்ல முங்கிப் புடிக்கும்.”

“முங்குனா எறகு நனைஞ்சு செத்துரும்” என்றாள் பெண், முதல்முறையாக வாய் திறந்து. “மத்த பறவைங்கள வெரட்டி, வாயில உள்ளத கக்க வச்சுப் புடுங்கித் தின்னும்.”

அப்பாவின் தேநீர்க் குவளை பாதி வழியில் நின்றது. “அப்ப எம்மகள வழிப்பறிக்காரிங்கிறீங்களா லா?”

“ஐயோ, இல்லீங்க மாமா!” (மாமாவாம்! அதற்குள்!) அக்கா கைப்பையைத் தோளில் மாட்டிவிட்டாள். நானும் எழுந்து வாசல் பக்கம் திரும்பினேன்.

“முள்ளம்பன்றியப் பத்தியாச்சும் முழுசாத் தெரியுமா?” பின்னாலிருந்து அவள் குரல்.

இது என் பாடம். திரும்பாமலே ஒப்பித்தேன். “செம்பனைக் கன்னு நட்டா குருத்தக் கடிச்சுரும். கடைசி வரைக்கும் ஒரே ஜோடிதான். பயந்துச்சுன்னா முதுகக் காட்டிக்கிட்டு நிக்கும்.”

“இப்ப நீங்க நிக்கிற மாதிரியா?”

முதலில் சிரித்தது அவள் அப்பாதான்.

கல்யாணமாகிப் பத்து வருடம் ஆகிறது. மீன் குழம்பு வைக்கிற நாளில் இன்றும் என் தட்டிலிருந்து தலைத்துண்டு பறந்துபோகும். முறைத்தால், “நீங்கதான ஃபிரிகேட்னு சொன்னீங்க?” என்பாள். ரோஷத்தோடு முதுகைக் காட்டித் திரும்பி உட்காருவேன்.

தட்டில் மிச்சத் துண்டை எங்கள் மகள் எடுத்துக்கொள்வாள்.