ஐந்தரை மணி நேரமும் பதினெட்டுக் கட்டு முருங்கைக்காயும்

நிறையப் படம் பார்க்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தான் பார்த்ததை அடுத்தவரும் பார்த்தே தீர வேண்டும். எனக்கு அது இருபத்தேழாவது வயதில் நன்றாக முற்றிப்போயிருந்தது.

அப்போது திண்டுக்கல்லில் ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் மாடியில், ஞாயிறுதோறும் உலகப் படம் போடும் சங்கம் ஒன்றையும் நடத்தினேன். தலைவர், செயலாளர், புரொஜக்டர் தூக்குகிறவர் எல்லாம் நானே. உறுப்பினர்கள் பதினோரு பேர். (அதில் இரண்டு பேர் ஃபேன் காற்றுக்காக வந்தவர்கள்.)

செல்வி அதே பாலிடெக்னிக்கில் கணக்கு டீச்சர். ஒட்டன்சத்திரத்துக்காரி. நாங்கள் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதை வீட்டில் சொல்லிவிட்டாள். அவளுடைய அப்பா அங்கே மார்க்கெட்டில் காய்கறி கமிஷன் கடை வைத்திருந்தார். "பையனை ஒருக்காத் தனியாப் பாத்துப் பேசோணும்" என்று சொல்லியிருந்தார். வேறு எவனாக இருந்தாலும் நல்ல ஓட்டலுக்குக் கூப்பிட்டிருப்பான். நான் படத்துக்குக் கூப்பிட்டேன். என் அறிவின் ஆழத்தை அவர் நேரில் பார்க்க வேண்டாமா?

அந்த வாரப் படம் ஐந்தரை மணி நேரம் ஓடக்கூடியது. நிஜமாகவே வாழ்ந்த ஒரு வெளிநாட்டுப் பயங்கரவாதியின் கதை. பிறந்ததிலிருந்து பிடிபட்டது வரை ஒன்றையும் விடவில்லை. செல்வியின் அப்பா போனில் கேட்டார்:

"என்ன படமுங்க?"

"ஒருத்தரோட வாழ்க்கை வரலாறுங்க."

"யாராவது தியாகிங்களா?"

"அந்த மாதிரித்தாங்க" என்றேன். விளக்கம் சொல்லச் சோம்பல். அதைவிட, உண்மையைச் சொன்னால் வரமாட்டாரோ என்ற பயம்.

தியாகி படம் என்பதால் மனிதர் வெள்ளை வேட்டி சட்டையில், தலையைப் படிய வாரி வந்திருந்தார். செல்விக்கு அன்று வேறு ஊரில் தேர்வு வேலை. அவரை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டு நாற்பது நிமிடம் அறிமுக உரை ஆற்றினேன். "நமது நாயகன்" என்று எத்தனை முறை சொன்னேன் என்று தெரியாது. "இவனை வெறுக்கவே முடியாது, அதுதான் இந்தப் படத்தின் வெற்றி" என்று முடித்தேன். இரண்டு பேர் கைதட்டினார்கள். (ஃபேன் காற்றுக்காரர்கள்.)

முதல் மணி நேரத்திலேயே குண்டு வெடித்துவிட்டது. ஒரு காபிக் கடை. தட்டில் கோப்பைகளை ஏந்தி ஒருவர் வருகிறார், மேஜையைத் துடைக்கிறார், அவ்வளவுதான், புகை. முன்வரிசையில் அவர் கண்ணாடியைக் கழற்றினார். கலை அவரை உருக்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு குனிந்து காதருகே போனேன்.

"கவனிச்சீங்களா, வெட்டே இல்லாம ஒரே ஷாட்ல எடுத்திருக்காங்க."

"கவனிச்சேனுங்க" என்றார்.

மூன்றாவது மணி நேரத்தில் உறுப்பினர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார்கள். நான்காவது மணி நேரத்தில் கரண்ட் போய், போன வேகத்தில் திரும்பி வந்தது. (மின்வாரியம் என் விஷயத்தில் மட்டும் சுறுசுறுப்பு.) கடைசியில் அந்த அறையில் நானும் அவரும் மட்டும்.

படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்தன. அவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"எனக்கு இங்கிலீஷ் வராதுங்க. அந்தக் காபிக் கடையில மேசை தொடச்சாரே, அவரு பேரு இதுல எதுங்க?"

படத்தை நிறுத்தித் தேடினேன். "பேரு இல்லீங்க. 'கடைப் பணியாளர்'னு மட்டும் போட்டிருக்கு. சின்ன வேஷம்."

தலையாட்டினார். "குண்டு வச்சவன் என்ன சிகரெட்டுக் குடிப்பான்னு வரைக்கும் தெரிஞ்சு போச்சுங்க. இவரு பேரு மட்டும் இல்லை."

நான் ஏதோ விமர்சகர் மாதிரி பதில் சொல்ல வாயெடுத்தேன். அவர் பேசிக்கொண்டே போனார்.

"என் தம்பி பழனிச்சாமிங்க. லாரி ஓட்டிட்டு இருந்தான். வடக்க தக்காளி லோடு எறக்கிட்டு டீக் குடிக்கப் போனான். கடையில எவனோ பையை வச்சுட்டுப் போயிட்டான். பேப்பர்ல 'லாரி டிரைவர் ஒருவர்'னு போட்டாங்க."

ஐந்தரை மணி நேரத்தில் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போயிருக்கலாமே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"கூப்பிட்ட எடத்துல பாதியில எந்திரிக்கறது மரியாதை இல்லீங்களே."

அதன் பிறகு அவர் செய்ததுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்காலிகளை மடக்க ஆரம்பித்தார். இருவருமாகச் சுவரோரம் அடுக்கினோம். "வாரனுங்க" என்று சொல்லிவிட்டுப் பேருந்துக்கு நடந்தார்.

செல்வி மறுநாள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எங்கப்பாகிட்ட தியாகின்னா சொன்னீங்க?" அதன் பிறகு ஒரு மாதம் அவள் என்னிடம் பேசவில்லை. நான் புரொஜக்டரை விற்றுவிட்டேன். சங்கம் கலைந்ததில் வருந்தியது ஃபேன் காற்றுக்காரர்கள் மட்டும்.

ஒரு மாதம் கழித்து அவள் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்பதற்காக ஒட்டன்சத்திரம் போனேன். மார்க்கெட்டில் அவர் கடை முன்னால் ஏலம் உச்சத்தில் இருந்தது. அவர் கூட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்றார். அவர் கண்ணில் பட வேண்டுமே என்று இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டேன். ஏலம் விட்டவர் என்னைக் காட்டிச் சத்தம் போட்டார்.

"நீலச் சட்டைக்காரருக்கு முருங்கை பதினெட்டுக் கட்டு!"

கூட்டம் சிரித்தது. அவர் வந்து என்னைத் தனியே கூட்டிப் போனார்.

"படம் எடுத்தவங்க மேல எனக்குக் கோவமில்லீங்க. அதுல என்ன வருதுன்னு சொல்லியிருந்தா, நான் வரலைன்னு சொல்லியிருப்பேன். அவ்வளவுதானுங்க."

"தப்புத்தாங்க" என்றேன். கீழே கிடந்த முருங்கைக் கட்டுகளை எண்ணிப் பார்த்தார். பிறகு, "காயை எடுத்துட்டுப் போங்க. ஏலம் சொன்னது சொன்னதுதான்" என்றார். என் தெரு முழுக்க இரண்டு வாரம் முருங்கைக்காய் சாம்பார் மணத்தது.

அடுத்த தை மாதம் கல்யாணம் நடந்தது. இன்று வரை அவர்கள் வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் இந்தக் கதை வந்துவிடும். பந்தியில் நான் மோர் கேட்டுக் கையைத் தூக்கினால் போதும். "ஏனுங் மாப்பிள்ளை, கையைக் கீழ போடுங்க, பதினெட்டுக் கட்டு வந்துரப் போகுது" என்று யாராவது சொல்ல, பந்தியே சிரிக்கும். புதிதாக வந்தவர்கள், "அன்னைக்கு எதுக்கு மார்க்கெட்டுக்குப் போனீங்க?" என்று கேட்பார்கள்.

"சும்மா, மாமாவைப் பாக்கத்தான்" என்பேன்.

மாமனார் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அந்தக் கதையில் பழனிச்சாமி என்ற பெயர் வருவதே இல்லை.