முதலாளி தட்டிய தோள்

உலகில் நல்லவர்கள் நல்லவர்களாகவே நீடிக்க வேண்டுமானால், ஒவ்வொரு நல்லவருக்கும் கீழே ஒரு கெட்டவர் சம்பளத்துக்கு இருந்தாக வேண்டும். இந்த மாபெரும் உண்மையைக் கண்டறிந்த ஆங்கிலக்காரர்கள் அந்த ஆளுக்கு 'ஹேச்சட் மேன்' என்று பெயரும் வைத்தார்கள். அதாவது, கோடரி ஆள். வெட்டச் சொன்னவர் கையில் கறை படாது. வெட்டியவருக்குச் சம்பள உயர்வு உண்டு.

அந்த அட்டைப்பெட்டி கம்பெனியின் மேனேஜரை எல்லாரும் முதுகுக்குப் பின்னால் 'கோடரி' என்றே அழைத்தார்கள். அது அவருக்கும் தெரியும். உள்ளூரப் பெருமைதான்.

முதலாளி இளகிய மனசுக்காரர். 'வேலையை விட்டுப் போ' என்று அவர் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை. யாரை அனுப்ப வேண்டுமோ, அவரிடம் போய்த் தோளில் மெல்லத் தட்டிவிட்டு வருவார். சாயங்காலத்துக்குள் மிச்சத்தைக் கோடரி முடித்துவிடுவார்.

"ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். கேட்டா அது விசுவாசமா?" என்று மனைவியிடம் பீற்றிக்கொள்வார்.

ஒருநாள் முதலாளியின் கை பட்ட தோள், பேக்கிங் பிரிவிலிருந்த கோடரியின் மச்சானுடையது. மனைவியின் ஒரே தம்பி, கல்யாணம் நிச்சயமானவன். கோடரி முதலாளியின் அறை வாசல் வரை போனார். ஆனாலும் கேட்கவில்லை. விசுவாசம்!

"அத்தான், நான் என்ன தப்பு பண்ணேன்?"

"எனக்கெப்படித் தெரியும்? கிளம்பு."

அன்று மனைவி கதவைத் திறக்கவில்லை. "என் தம்பிக்கு வேலை திரும்பக் கிடைச்சா உள்ள வாங்க" என்று ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் கோடரி வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டார்: "சார், என் மச்சான் என்ன பண்ணான்?"

முதலாளி திடுக்கிட்டார். "ஐயையோ, அனுப்பிட்டீங்களா? தரை ஈரம், எனக்குக் கால் வழுக்கிடுச்சுய்யா! விழாம இருக்க அவன் தோளைப் பிடிச்சேன்!"

"அப்ப திரும்பக் கூப்பிட்டுக்கலாமா சார்?"

முதலாளிக்குக் கண் கலங்கியது. "கூப்பிட்டா, எல்லாம் என் கையிலதான்னு தெரிஞ்சு, மத்தவங்களையும் நான்தான் அனுப்பினேன்னு ஆயிடுமே! இதுவரைக்கும் எனக்கு ஒரு கெட்ட பேர் உண்டா, சொல்லுங்க?"

எழுந்து வந்து, கோடரியின் தோளில் மெல்லத் தட்டினார்.

கோடரி அவசரமாகக் குனிந்து தரையைப் பார்த்தார். சொட்டு ஈரம் இல்லை. ஏன் என்று கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் தன் மேஜையைத் தானே காலி செய்துவிட்டு, எந்த வீட்டுக்குப் போவது என்று தெரியாமல் வாசலில் நின்றார்.

அந்தக் கம்பெனியில் முதலாளி இதுவரை ஒருவரையும் வேலையை விட்டு அனுப்பியதில்லை. அன்றும் அனுப்பவில்லை. அவ்வளவு நல்லவர்.