லெஃப்ட் கார்னரை மாற்றிய மாப்பிள்ளை

எனக்குக் கபடி ஆட வராது. ஆனால் கபடி ஆடுகிறவர்களைப் பற்றிக் கருத்துச் சொல்வதில் என்னை அடிக்கத் திண்டுக்கல் ஜில்லாவில் ஆள் கிடையாது. டிவியில் லீக் ஆட்டம் ஓடும்போது எந்த அணி எவனை ஏலத்தில் விட்டிருக்கக் கூடாது, எந்தக் கோச்சை இடைவேளையிலேயே வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்றெல்லாம் நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். அந்த அணிகளின் முதலாளிகள் காதில் அது விழாதது அவர்கள் துரதிர்ஷ்டம்.

சின்னாளபட்டி பஸ் ஸ்டாப்புக்கு எதிரே நான் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். பட்டா, ஜாதிச் சான்றிதழ், ஆதார் திருத்தம். எங்கள் ஊர்க் கபடி அணி சாயங்காலம் ஆடி முடித்து, என் கடை வாசலில்தான் வந்து நிற்கும். போட்டிக்கு வீரர்கள் பட்டியலை டைப் செய்து கொடுக்க வேண்டும் இல்லையா? அப்படியே ஒரு வருடத்தில் நான் அணியின் மேனேஜர் ஆகிவிட்டேன். (அதற்கு என்னிடம் இருந்த ஒரே தகுதி கலர் பிரிண்டர் என்று கேப்டன் ரபீக் இன்றும் சொல்கிறார். பொறாமை.)

அணியின் தூண் பாண்டி. லெஃப்ட் கார்னர். அதாவது இடது ஓரத்தில் சும்மா நிற்பது போல் நின்று, பாடி வருகிறவன் அசந்த நேரம் கணுக்காலைப் பிடித்துவிடுவது. அவர் பிடித்து எவனும் கோட்டுக்குத் திரும்பியதில்லை. ஒன்பது வருடமாக அந்த இடம் அவருடையது. அதே பாண்டியின் தங்கை தேவியைத்தான் எனக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்தது. அதுவரை "ஏலே" என்று கூப்பிட்டவர், நிச்சயத் தாம்பூலம் மாற்றிய நிமிடத்திலிருந்து "வாங்க மாப்ள" என்று மாறியிருந்தார். எனக்கே கூச்சமாக இருக்கும்.

இந்த இடத்தில் புத்தியுள்ள எவனும் வாயை மூடிக்கொண்டு பத்திரிகை அடிக்கிற வேலையைப் பார்ப்பான். நான் அணியைச் சீரமைக்கக் கிளம்பினேன்.

என் கணிப்பு இதுதான். நம் அணியில் பிடிக்கிறவர்கள் அதிகம், பாடிப் போய்ப் புள்ளி எடுத்து வருகிற ரைடர் இல்லை. பாண்டிக்கு முப்பத்திரண்டு வயது. மதிப்பு இருக்கும்போதே அவரைக் கொடுத்துவிட்டு, இளம் ரைடர் ஒருவனை வாங்க வேண்டும். டிவி அணிகள் செய்வது அதைத்தானே? இதை வண்ண வரைபடமாகவே பிரிண்ட் எடுத்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டினேன். பாண்டியின் கோடு சிவப்பில் கீழ்நோக்கி இறங்கியது. (அந்தக் கோட்டை எந்தக் கணக்கில் போட்டேன் என்று கேட்காதீர்கள். கையால் இழுத்தது.)

சேவுகம்பட்டி அணியை நடத்தியவர் ஒரு தேங்காய் மண்டிக்காரர். அவரிடம் பழநிப் பக்கத்து நெய்க்காரப்பட்டியிலிருந்து கௌதம் என்று ஒரு பையன் ஆடினான். அவன் ரைடு போகும் வீடியோக்களை நான் மனப்பாடமே செய்திருந்தேன். மண்டிக்காரரைப் போய்ப் பார்த்து, "பாண்டியை நீங்க வச்சுக்கங்க, கௌதமை எங்களுக்குக் குடுங்க" என்றேன். நான் இரண்டு மணி நேரம் பேரம் பேசத் தயாராகப் போயிருந்தேன். அவர் டீ ஆறுவதற்குள் சரி என்றுவிட்டார். என் பேச்சுத் திறமையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

அதோடு நின்றேனா? பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்த இரண்டு மாற்று ஆட்டக்காரர்களையும் கழித்துவிட்டேன். அணி கச்சிதமாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏழு பேர் மட்டும் இருந்தால் பட்டியல் மொட்டையாகத் தெரிந்தது; எட்டாவதாக என் பெயரையே டைப் அடித்துக்கொண்டேன். முதுகில் பேர் போட்ட பனியன் ஒன்று கிடைக்கும் என்பதைத் தவிர எனக்கு வேறு எந்த உள்நோக்கமும் இல்லை.

மறுநாள் பாண்டி கடைக்கு வந்தார். கண்ணாடியில் இருந்த சிவப்புக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். துவைத்துத் தேய்த்து மடித்த அணிப் பனியனை மேஜையில் வைத்தார்.

"வாரேன் சார்" என்றார்.

அந்த 'சார்' என்னை உலுக்கியிருக்க வேண்டும். நானோ அதை, தொழில்முறை வீரர் ஒருவரின் கண்ணியம் என்று எடுத்துக்கொண்டேன்.

அரை மணி நேரத்தில் தேவி போனில் வந்தாள்.

"ஏங்க, எங்கண்ணன வேற டீமுக்கு மாத்தி விட்டீங்களாமே?"

"அது அணியோட நலனுக்கும்மா. உணர்ச்சிவசப்படக் கூடாது."

"நாளைக்கு உங்களுக்கு வேற நல்ல இடம் தெரிஞ்சா, என்னையும் மாத்தி விட்டுருவீங்களோ?"

நான் வரைபடத்தைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். அவள் குறுக்கிட்டு ஒரு செய்தி சொன்னாள். எங்கள் பக்கத்தில் கல்யாணத்தன்று மணவறைக்கு முன்னால் மாப்பிள்ளையின் காலைத் தாம்பாளத்தில் வைக்கச் சொல்லி, பெண்ணின் அண்ணன் தண்ணீர் ஊற்றிக் கழுவி, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போக வேண்டும். அந்த அண்ணன் வராவிட்டால், சம்பந்தம் சரியில்லை என்று மண்டபம் முழுக்கப் பேசும். பாண்டி வீட்டில் சொல்லிவிட்டாராம்: "கால் கழுவ மாப்ளைய வேற லெஃப்ட் கார்னரைப் பாத்துக்கச் சொல்லு."

ஆனால் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் ஊர்ப் போட்டியில் ஜெயித்துக் கோப்பையோடு போய் நின்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று முடிவு செய்துகொண்டேன்.

போட்டிக்கு முந்தின நாள் மதியம் கௌதம் பழநி பஸ்ஸில் வந்து இறங்கினான். கன்னம் ஒட்டிக் கிடந்தது. எங்கள் வீட்டில்தான் தங்கல். அம்மா ஆட்டுக்கறிக் குழம்பு வைத்திருந்தார்.

"வேண்டாமுங்கண்ணா, பசியில்லீங்க" என்றான்.

முதலில் வேண்டாம் என்பது விருந்தாளியின் மரியாதை, விடாமல் வைப்பது வீட்டாரின் மரியாதை. எங்கள் ஊரில் மூன்று தடவை மறுத்த பிறகுதான் மனிதர்கள் சாப்பிடவே ஆரம்பிப்பார்கள். நான் விடுவேனா?

"கூச்சப்படாம சாப்புடுப்பா."

"இல்லீங்கண்ணா, நெசமாலுமே வேண்டாமுங்க..."

"ஏன்ப்பா, வெஞ்சனத்தத் தொடவே இல்லையே. குழம்பு ஒறப்பா இருக்கா?" என்று அம்மா முகம் வாடினார். கௌதம் பாவம், நல்ல வளர்ப்பு. அம்மாவின் முகத்தைப் பார்த்தான், இலையைப் பார்த்தான், கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தான். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. சாயங்காலம் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். காலையில் எட்டு இட்லி, இரண்டு வடை, தெம்புக்கு ஒரு இளநீர். ஒரு வீரனின் உணவு முறை பற்றியும் எனக்குத் தெளிவான கருத்துகள் இருந்தன.

அது அறுபத்தைந்து கிலோ கபடி. அந்த எடைக்கு மேல் ஒரு பொட்டு இருந்தாலும் களத்துக்குள் விட மாட்டார்கள். எனக்கு அது தெரியாதா என்ன? நோட்டீஸை டைப் அடித்ததே நான்தான். ஆனால் வீடியோவில் கௌதம் குச்சி மாதிரி இருந்தான். அவனிடம் எடையைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, மைதானத்தில் வெங்காய மூட்டை நிறுக்கும் தராசு வைத்திருந்தார்கள். கௌதம் ஏறி நின்றான். அறுபத்தாறு கிலோ இருநூறு கிராம்.

ரபீக் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏப்பா மேனேஜரு, புள்ளைக்கு என்னத்தப் போட்ட?"

நான் சாப்பாட்டுப் பட்டியலைச் சொல்லச் சொல்ல அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அப்போது மண்டிக்காரர் மெதுவாக வந்தார். "அப்பு, அவனுக்கு ரெண்டு நாள் முன்னாடியே சோறு தண்ணிய நிறுத்திப்புடுவோம். நீ பேசுன பேச்சுல சொல்ல மறந்துபோச்சு" என்றார். முகத்தில் மறதியின் அறிகுறி எதுவும் இல்லை.

நடுவர் ஒரு மணி நேரம் கொடுத்தார். இரண்டு சட்டை, மேலே ஒரு ஸ்வெட்டர் போட்டு வெயிலில் கௌதமை ஓடவிட்டோம். எச்சில் துப்பச் சொன்னோம். வேர்த்து வேர்த்து அறுபத்தைந்தரைக்கு வந்தான். "முடியை எடுத்தா?" என்று நான் ஒரு கருத்துச் சொன்னேன். நெற்றியில் விழுகிற அந்தச் சுருட்டை முடியை அவன் மூன்று மாதமாக வளர்த்தானாம். "பழநிக்காரனுக்கு மொட்டை ஒண்ணும் புதுசு இல்லீங்கண்ணா" என்று சிரித்துக்கொண்டே தலையைக் கொடுத்தான். மொட்டையோடு ஏறினான். அறுபத்தைந்து கிலோ நானூறு. இன்றைக்கும் அவன் முகத்தை நினைத்துப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பட்டியலில் இல்லாதவர் ஆட முடியாது. பட்டியலில் மீதி இருந்தது ஆறு பேரும் நானும். தராசில் நான் ஐம்பத்தொன்பது. என் உடம்பு வாழ்க்கையில் முதன்முறையாக எதற்கோ தகுதி பெற்றது.

முதல் ஆட்டமே சேவுகம்பட்டியோடு. முன்வரிசை நாற்காலிகளில் வருங்கால மாமனார், மாமியார், நடுவில் தேவி. எதிர்க் களத்தின் இடது ஓரத்தில் பாண்டி, கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார். எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகப் பாடிப் போனார்கள். ஒவ்வொருவரையும் கணுக்காலைப் பிடித்து உட்கார வைத்தார். என் வரைபடத்தின்படி அவர் அப்போது சரிந்துகொண்டிருக்க வேண்டும். கடைசியாகக் களத்தில் மிச்சமிருந்தது நான். நான்தான் பாடிப் போக வேண்டும்.

"கபடி கபடி" என்று இரண்டு தடவை சொன்னேன் என்று நினைக்கிறேன். மூன்றாவதற்கு மூச்சு இல்லை. நடுக்கோட்டைத் தாண்டி இரண்டடி வைத்ததும் கணுக்காலில் ஒரு கை விழுந்தது. அது இறுக்கவில்லை, இழுக்கவில்லை. ஆனால் அங்கிருந்து எங்கும் போக முடியாது என்று நன்றாகத் தெரிந்தது. முகம் குப்புற மண்ணில் விழுந்தேன்.

"செத்த நேரம் இப்படியே இருங்க சார். அம்பயர் பாக்கட்டும்" என்றார் பாண்டி.

கால் சுளுக்கிவிட்டது. எழுந்து நிற்க முடியவில்லை. அவரே என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மாமனார், மாமியார், தேவி எல்லோரையும் கடந்து நடந்தார். அவர்களை நான் தலைகீழாகப் பார்த்தேன். தேவி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

அவர் தோளில் தொங்கியபடியே நான் சொன்னேன். "மச்சான், தப்புப் பண்ணிட்டேன். ஒன்பது வருஷம் ஆடுன ஆளு நீங்க. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம செஞ்சிருக்கக் கூடாது."

என் ஆயுளில் நான் திரும்பப் பெற்றுக்கொண்ட ஒரே கருத்து அது. அவர் என்னை வேப்பமரத்தடியில் இறக்கி வைத்துவிட்டு, அடுத்த ஆட்டத்துக்குப் போய்விட்டார்.

கல்யாண நாள் வரை அவரிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. தேவியைக் கேட்டால், "எனக்கென்ன தெரியும், நீங்கதான மேனேஜர்" என்பாள். முகூர்த்தத்தன்று மணவறைக்கு முன்னால் தாம்பாளத்தை வைத்துவிட்டார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். "பொண்ணோட அண்ணன் எங்கப்பா?" என்று ஐயர் இரண்டு தடவை கேட்டார். கூட்டம் முணுமுணுக்க ஆரம்பித்தது. என் வேட்டி நனைகிற அளவுக்கு வேர்த்தது.

அப்போது பாண்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பட்டு வேட்டி, கையில் சொம்பு. குனிந்து தண்ணீர் ஊற்றினார், கழுவினார். பிறகு என் இடது கணுக்காலைப் பிடித்தார். விடவில்லை.

மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து மொத்த அணியும் "அவுட்!" என்று கத்தியது. மொட்டையில் முடி முளைக்க ஆரம்பித்திருந்த கௌதம் நாற்காலி மேல் ஏறி நின்று விசிலடித்தான். நாதஸ்வரக்காரர் சிரிப்பில் ஊதுவதையே நிறுத்திவிட்டார்.

பாண்டி நிமிர்ந்து பார்த்தார். "பிடி எப்படி மாப்ள?"

'மாப்ள' என்று கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. "இன்னும் பத்து வருஷம் ஆடலாம் மச்சான்" என்றேன். அப்புறம்தான் காலை விட்டுக் கையைப் பிடித்தார்.

அந்தப் போட்டோதான் எங்கள் ஆல்பத்தில் முதல் பக்கம். அணிக்கு இப்போது வேறு மேனேஜர். பிரிண்டர் மட்டும் என்னுடையது. டிவியில் ஆட்டம் ஓடும்போது, "இவனைப் போய் யாராவது வித்துட்டு அவனை வாங்குவானா?" என்று நான் ஆரம்பித்தால் போதும். சமையலறையிலிருந்து தேவியின் குரல் வரும்: "கால் பத்திரம்ங்க!" தரையில் உட்கார்ந்திருக்கும் பாண்டியின் கை தானாக என் பக்கம் நீளும். நான் இரண்டு காலையும் சோபாவின் மேல் தூக்கி மடித்து வைத்துக்கொண்டு, கருத்தைத் தொடர்வேன்.