தக்காளிக்காகத் தள்ளிவைக்கப் பார்த்த கல்யாணம்

கம்பம் பள்ளத்தாக்கிலேயே சூரியனை ஒரு பொருட்டாக மதிக்காத மனிதர் சீரியல் செட் பாய் ஒருவர்தான். உத்தமபாளையத்தில் கல்யாணம், தர்கா கந்தூரி, கோயில் திருவிழா எதுவானாலும் கலர் பல்பு கட்டுகிறவர். "சூரியனும் ஒரு பல்புதான தம்பி? என்ன, சுவிட்சு நம்ம கையில இல்ல" என்பார்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவருடைய குடோனை ஒட்டிய உரக்கடையில் நான் விற்பனையாளன். விவசாயத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மூட்டையின் மேல் அச்சடித்திருக்கும். மூட்டை கிழிந்திருந்தால் அதுவும் தெரியாது. ஆனாலும் பாய்க்கு நான்தான் விஞ்ஞானி.

எல்லாம் ஒரு டீக்கடைப் பேச்சில் ஆரம்பித்தது. தேனி மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றும் வியாபாரி ஒருவர், "ஏன் பாய், ஒங்க பல்பு வெளிச்சத்துல மாப்பிள்ள மொகந்தான் மினுங்கும். ஒரு புல்லு மொளைக்குமா?" என்று கேட்டுவிட்டார்.

பாய் கிளாசைக் கீழே வைத்தார். "ஒத்தத் தக்காளி. வெயிலே படாம என் குடோனுக்குள்ள பழுக்க வச்சு, தை முடியறதுக்குள்ள இங்கன கொண்டாந்து வைக்கிறேன். இல்லேன்னா இந்தக் கடையில இனி டீயே குடிக்க மாட்டேன்."

ஒரு நாளைக்குப் பத்து டீ குடிக்கிறவர். எவ்வளவு பெரிய பணயம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜன்னலே இல்லாத அந்தக் குடோனில் மூன்று தொட்டி வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு நிறத்துப் பல்புகளைக் கட்டினார். மூன்று வாரம் கழித்து என்னை இழுத்துப்போய்க் காட்டினார். சிவப்புக்குக் கீழே இருந்த நாற்று கிடுகிடுவென்று வளர்ந்து, நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்து கிடந்தது. நீலத்துக்குக் கீழே இருந்தது குட்டையாக, தடித்த இலைகளோடு பயில்வான் மாதிரி நின்றது. பச்சைக்குக் கீழே இருந்தது வெளிறிப்போய்ப் படுத்துவிட்டது.

"இது நீ" என்று சிவப்பைக் காட்டினார். நான் ஆறடி உயரம், ஐம்பது கிலோ. மறுக்க முடியவில்லை. "இது நான்" என்று நீலத்தைக் காட்டினார். அவர் பல்பு கட்ட ஏணி போதாது, ஏணிக்குக் கீழே மேஜையும் வேண்டும்.

"அப்ப பச்சை?"

"அது ஒன் மொதலாளி. எதுக்கும் ஒதவாது. சிகப்பும் நீலமும் சேரணும் தம்பி, அப்பத்தான் காய்க்கும்."

இரண்டையும் மாற்றி மாற்றிக் கட்டியதும் புது நாற்று நிமிர்ந்து நின்றது. ஆனால் பல்புகள் வாடகைக்குப் போகிறவை. முகூர்த்தம் வந்தால் அவை கல்யாண வீட்டுக்குப் போய்விடும், செடி இருட்டில் பட்டினி கிடக்கும். ஆவணியில் ஊர் முழுக்கத் தாலி ஏறியது. இரண்டு செடிகள் உயிரை விட்டன.

புரட்டாசியில் மூன்றாவதாக ஒன்றை நட்டார். அந்த ஐப்பசி அடைமழையில் யாரும் பந்தல் போடவில்லை. கார்த்திகையை எப்படியோ சமாளித்தார். முகூர்த்தமே இல்லாத மார்கழியில் செடி பூத்தது. குடோனுக்குள் காற்று இல்லாததால் தினமும் காலையில் ஒவ்வொரு பூவையும் மகரந்தம் உதிர விரலால் சுண்டிவிட்டார். கடைசியில் ஒரே ஒரு காய் பிடித்தது.

அப்போதுதான் நான் குறுக்கே போனேன். பதினோரு பெண் வீட்டார் என்னைப் பார்த்துவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்துபோன பிறகு, அனுமந்தன்பட்டியில் ஒரு தோட்டக்காரர் தன் மகளைக் கொடுக்கச் சம்மதித்திருந்தார். பெண் என் தோளுக்கும் கீழே. தை மாத முதல் முகூர்த்தம். பாயிடம் பத்திரிகையை நீட்டினேன். தேதியைப் படித்தவர் முகம் தொங்கிவிட்டது.

"மாசிக்குத் தள்ளக் கூடாதா தம்பி?"

"அம்புட்டு நாள் விட்டா அவுக மனசு மாறிருவாக பாய்."

"காய் இப்பத்தான் நெல்லிக்கா அளவு வந்திருக்கு. பொண்ணு காத்திருக்கும். காய் காத்திருக்குமா?"

கந்தூரிக்கு வாங்கிய பச்சை பல்புகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. செடிக்கு ஆகாதது கல்யாணத்துக்கு ஆகட்டும் என்று முடிவானது. நான் ஒப்புக்கொண்டேன். தினமும் கடை திறக்கும் முன் நானும் அந்தக் காயைப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை இப்போதுதான் வெளியே சொல்கிறேன்.

மாப்பிள்ளை அழைப்பு அன்று சாயங்காலம் பந்தல் முழுக்கப் பச்சை. என் மாமியார் நெஞ்சில் கை வைத்தார். "ஆத்தாடி, மாப்பிள்ளைக்கு மஞ்சக்காமாலையா?"

பெண்ணின் பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். "ஏலே, எவன்டா இந்த சீரியல் செட்டக் கட்டுனது?"

"நான்தான் கட்டச் சொன்னேன் மாமா. எனக்குப் பச்சைன்னா உசுரு" என்றேன். பன்னிரண்டாவது வீட்டாரும் சொல்லி அனுப்பப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பந்தல்கால் பக்கம் நின்ற பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மொபெட்டில் ஏறிப்போனார். அரைமணி நேரத்தில் பந்தல் ஒரு முறை அணைந்து, சிவப்பும் நீலமுமாக எரிந்தது. "இப்பத்தான் கல்யாண வீடு மாதிரி இருக்கு" என்றார் மாமியார். பாய் என்னிடம் வந்து கைக்குட்டையைப் பிரித்தார். உள்ளே எலுமிச்சை அளவில் ஒரு பச்சைத் தக்காளி.

"இனி இருட்டுல இது எங்க பழுக்கப் போகுது? நீயே வச்சுக்க."

மறுநாளிலிருந்து பாய் டீக்கடைப் பக்கம் திரும்பவே இல்லை.

என் மனைவி அந்தக் காயை அரிசி டிரம்முக்குள் புதைத்தாள். "வெளிச்சம் இல்லாம எப்படிப் பழுக்கும்?" என்று கேட்டேன்.

"பழுக்குறதுக்கு எதுக்கு வெளிச்சம்? நெசமாவே ஒரக்கடையிலதான் வேல பாக்குறீகளா?"

எட்டாம் நாள் அது செக்கச்செவேலென்று வெளியே வந்தது. இருவரும் போய்ப் பாயை டீக்கடைக்கு அழைத்துவந்து, எல்லார் முன்னாலும் அதை அவர் கையில் வைத்தோம்.

"எப்படிப் பழுத்துச்சு?" என்றார், அதைத் தடவிக்கொண்டே.

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள். "எங்க வீட்டுல சிகப்பு பல்புக்கு அடியில வச்சிருந்தோம் பாய்."

நெட்டையான என்னையும் குட்டையான அவளையும் பாய் மாறி மாறிப் பார்த்தார். "அன்னைக்கே சொன்னேன்ல, சிகப்பும் நீலமும் சேரணும்னு" என்றவர், கடைக்காரரிடம் திரும்பி எட்டு நாள் பாக்கியையும் சேர்த்துக் குடிக்கிறவர் போல டீ சொன்னார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே ஒரு சிவப்பு பல்பு வாங்கி அடுப்படியில் மாட்டினோம். பாய் வரும்போதெல்லாம், பட்டப்பகலாக இருந்தாலும், மறக்காமல் அதைப் போட்டுவிடுவோம்.