கரடிக்கு ஒரு கடைசி வரி

என் மனைவியின் புத்தகத்தில் ஒரு வரியாவது என்னுடையதாக இருந்தே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒரே ஒரு வரி. இதைப் பேராசை என்று யாரும் சொல்ல முடியாது.

அவள் குழந்தைகளுக்குப் படப் புத்தகம் செய்கிறவள். எழுதுவதும் அவளே, வரைவதும் அவளே. கோபித்துக்கொண்ட யானை, தம்பி பிறந்ததால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்ட முயல், பள்ளிக்கூடத்தின் முதல் நாளில் அழாமல் இருக்கப் பாடுபடும் முதலை என்று ஒரு பெரிய குடும்பமே எங்கள் சாப்பாட்டு மேசையில் பிறந்து வளர்ந்திருக்கிறது. சாப்பிடத்தான் எனக்கு அங்கே இடம் கிடைப்பதில்லை. நடைவழியில் கொடி கட்டி, துணிக் கிளிப் மாட்டி ஈரப் படங்களைக் காயவைப்பாள். குளிக்கப் போவதென்றால் தும்பிக்கைக்குக் கீழே குனிந்து போக வேண்டும்.

நான் சட்டப் புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவன். எங்கள் தொழிலில் ஒரு வாக்கியம் இந்தப் பக்கத்தில் கிளம்பினால் அடுத்த பக்கத்தில்தான் மூச்சு விடும். அவளோ பத்துப் பன்னிரண்டு வாக்கியத்தில் ஒரு புத்தகத்தையே முடித்துவிடுவாள். படித்துவிட்டு நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். தூசி விழுந்துவிட்டது என்பேன். முயலுக்கு அவள் கண்ணீர் வரைவதில்லை. ஒரு காதை மட்டும் லேசாக மடக்குவாள். அந்தக் காதைப் பார்த்துவிட்டு என் தம்பிக்குப் போன் செய்து, சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறேன். என் சட்டப் புத்தகம் எதுவும் யாரையும் அப்படிச் செய்ய வைத்ததில்லை.

அந்தச் சமயம் எனக்கும் எதிர்வீட்டுக் கண்ணாடிக்காரருக்கும் பேச்சு நின்று நாலைந்து மாதம் ஆகியிருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஞாயிறு தவறாமல் இரண்டு வாசலுக்கும் நடுவே ஸ்டூல் போட்டு சதுரங்கம் ஆடுவோம். கடைசியாக ஆடிய அன்று ஜெயிக்க இருந்தது யார் என்பது இங்கே வேண்டாத விஷயம். அவருக்கு இருமல் வந்தது. இருமியதில் விரல் ராணிமேல் பட்டது. தொட்ட காயை நகர்த்த வேண்டும் என்பது விதி. சொன்னேன். சிரித்தார். மறுபடி சொன்னேன், கொஞ்சம் விளக்கமாக. ராணி போயிற்று. அவரும் போனார்.

அடுத்த வாரமே என் கண்ணாடி மூக்குக்கு மேலே இரண்டாக உடைந்தது. வேறு கடைக்குப் போனால் துரோகம். அவர் கடைக்குப் போனால் தோல்வி. நீல டேப் ஒட்டிப் போட்டுக்கொண்டேன். டேப் கோணல், அதனால் உலகமும் கோணல். அலுவலகத்தில் ‘தண்டனைக்குரியதல்ல’ என்பது ‘தண்டனைக்குரியது’ என்று அச்சாகப் போனதை மேலாளர் கடைசி நிமிடத்தில் பிடித்தார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் என்று ஆரம்பித்து, வாக்கியத்தை முடிக்காமலே விட்டுவிட்டார். ஞாயிறுகள் இதைவிட மோசம். என் இடது கையோடு வலது கை சதுரங்கம் ஆடிப் பார்த்தேன். இரண்டும் ஏமாற்றின.

அப்படி ஒரு ஞாயிறு காலையில்தான் அவள் வந்து நின்றாள்.

“என்னங்க, ஒரு உதவி. கடைசி வரி வரவே மாட்டேங்குது. அச்சுக்குப் போகணும்.”

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. நானே அந்தப் பால் என்பது போலக் கம்பீரமாக உட்கார்ந்தேன்.

வெள்ளைத் தாளை மடித்துத் தைத்து, பென்சிலில் வரைந்த மாதிரிப் புத்தகம் அது. கரடியும் ஆடும் நண்பர்கள். கட்டம் தாண்டி விளையாடுகின்றன. ஆட்டுக்குத் தும்மல் வருகிறது, கால் கோட்டில் பட்டுவிடுகிறது. அவுட் என்கிறது கரடி. ஆடு போய்விடுகிறது. பிறகு பக்கத்துக்குப் பக்கம் கரடியின் முதுகு. வெறும் முதுகுதான். ஆனால் அந்த முதுகில் வீம்பும் தெரிந்தது, யாராவது வந்து கூப்பிட மாட்டார்களா என்ற தவிப்பும் தெரிந்தது. ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு இதை எப்படிச் செய்கிறாள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. கடைசிப் பக்கத்தில் கரடி திரும்பி நம்மைப் பார்க்கிறது. கீழே காலி இடம்.

கரடியின் மூக்குமேல் பென்சில் ஈஷியிருந்தது. அழிக்கச் சொன்னேன். அது இருக்கட்டும் என்றாள்.

எனக்குக் கரடிமேல் பற்றிக்கொண்டு வந்தது. “தும்மல் வந்தா அது என்ன பண்ணும், பாவம்? இந்த மாதிரி ஆளுங்கள எனக்குத் தெரியும். விதி விதின்னே கூட இருக்கறவங்கள விரட்டிடுவாங்க.”

“அப்படிங்களா?” என்றாள்.

அவள் ஒரே சொல்லில் பதில் சொன்னால் உஷாராக வேண்டும் என்பது என் இல்லற அனுபவம். அனுபவம் அன்று விடுப்பில் இருந்தது.

முதலில் எழுதிய வரியில் மேற்படி கரடி, மேற்படி ஆட்டின் தும்மல் குறித்துத் தனது ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொண்டது. அவள் படித்துப் பார்த்தாள். “கரடிக்கு வக்கீல் வேணாங்க. ஆடுதான் வேணும்.”

அடித்தேன், எழுதினேன், அடித்தேன். காப்பி ஆறிப்போயிற்று. கடைசியில் ஒரு வரி வந்தது. அதை நான் அடிக்கவில்லை.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வாயால் சொல்ல முடியாத வரி படப் புத்தகத்தில் இருக்கக் கூடாது. எழுதியவரே நின்று, படம் எதிரே இருப்பவருக்குத் தெரிகிற மாதிரி புத்தகத்தைத் திருப்பிப் பிடித்து, எதிராளி முகத்தைப் பார்த்து, மனப்பாடமாகச் சொல்ல வேண்டும்.

“வாசல்ல நின்னு சொல்லுங்க. கடைசி வரிசைக் குழந்தைக்கும் கேக்கணும்ல?”

வாசலில் நின்றேன். புத்தகத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்தேன். எதிரே சாத்தின கதவைக் கடைசி வரிசைக் குழந்தையாகப் பாவித்து, உரக்கச் சொன்னேன்:

“நீ தும்மினதுக்கு உன்ன விரட்டினது என் தப்பு. நீ இல்லாம ஆட்டம் ஆட்டமாவே இல்ல. வந்துடு.”

கதவு திறந்தது. கண்ணாடிக்காரர் நின்றார். என்னைப் பார்த்தார். புத்தகத்தில் இருந்த கரடியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. புத்தகத்தை மூடவும் தோன்றாமல் நின்றேன்.

“தும்மல் இல்லய்யா,” என்றார். “இருமல்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். என் மனைவி ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

“இரும்மா,” என்றார் அவர். “முதல்ல அந்தக் கண்ணாடியக் கழட்டச் சொல்லு. பாக்க சகிக்கல.”

அன்று நான் தோற்றேன். அவர் மூன்று தடவை இருமினார். நான் ஒரு விதியும் சொல்லவில்லை.

புதுக் கண்ணாடி வந்த அன்று மாலை, என் வரி எப்போது அச்சாகும் என்று கேட்டேன். அலமாரியைத் திறந்து, பளபளவென்று வண்ணத்தில் ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். கரடி, ஆடு, எல்லாம் இருந்தன. கடைசிப் பக்கத்தில் படம் மட்டும்தான். ஒரு எழுத்துகூட இல்லை.

“இது வந்து ஒரு மாசமாச்சுங்க. கடைசிப் பக்கத்துக்கு வார்த்தையே வேணாம்னு அப்பவே விட்டுட்டேன். நீங்க எழுதினது புத்தகத்துக்கு இல்ல.”

கரடியை உற்றுப் பார்த்தேன். பென்சில் அழுக்கு என்று நான் அழிக்கச் சொன்ன இடத்தில், வட்டக் கண்ணாடி ஒன்று தெளிவாகத் தெரிந்தது. நடுவில் நீல டேப்.

“பிழை ஏதாவது இருக்கா?” என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.