துரைக்குத் தைத்த கோட்டு

மச்சான் மகள் கல்யாண வரவேற்புக்கு வேட்டி சட்டையில் போவதில்லை என்று சின்னதுரை தீர்மானம் போட்டுவிட்டார்.

கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி ஆலையில் ஷிப்ட் பார்க்கிற மனுஷன். வருஷம் முழுக்க நீலச் சீருடை. போதாத காலம், ஒருநாள் செல்போனில் விக்டோரியா மகாராணி காலத்து ஆம்பளைகள் உடுப்பைப் பார்த்துத் தொலைத்தார். முழங்கால் வரை தொங்கும் ஃப்ராக் கோட்டு, கஞ்சி போட்டு விறைத்த காலர், உள்ளே போடும் வெயிஸ்ட்கோட்டில் கடிகாரச் சங்கிலி. அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை.

காரணம் இருந்தது. மச்சான் சாம்சன் எந்த விசேஷத்துக்கும் ப்ளேசரில் வருவான். வந்து, "இன்னா மாமா, டூட்டிலருந்து நேரா வந்துட்டீங்களா?" என்று நாலு பேர் முன்னால் கேட்பான். இந்தத் தடவை அவன் வாய் அடைபட வேண்டும்.

"உனக்கு மகாராணி பேரு, எனக்குத் துரை பேரு. இதுக்கு மேல இன்னா பொருத்தம் வோணும்?" என்று மனைவி விக்டோரியாவிடம் கேட்டார்.

அவளோ தன் புடவைக்கு ஜோடியாக அவருக்கு லாவண்டர் கலரில் சட்டை எடுத்து வைத்திருந்தாள். மேட்சிங் போட நாம் என்ன பேண்டு வாத்தியக்காரர்களா என்று தள்ளிவிட்டார். சரி, கோட்டு தைக்கிறதென்றால் அந்தக் கம்பளித் துணியில் தனக்குத் தைக்கலாமே, வேலை பார்க்கிற குளிர்பதனக் கிடங்கில் நின்று நின்று பல் கிட்டிக்கொள்கிறது என்றாள். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டராகப் போட்டுக்கொள்ளச் சொன்னார். அவள் மறுபேச்சு பேசவில்லை. இருபத்தஞ்சு வருஷம் குடித்தனம் பண்ணின ஆளுக்கு அங்கேயே பொறி தட்டியிருக்க வேண்டும்.

தைத்தது பொன்னேரி ஷஃபியுல்லா. அவர் மனைவி பீவி ஜான், விக்டோரியாவோடு அதே கிடங்கில் வேலை பார்க்கிறவள். துரைக்கு அதெல்லாம் ஒரு விஷயமாகவே படவில்லை.

போட்டுப் பார்த்தபோது தோள் பிடித்தது. அந்தக் காலத்துக் கட்டிங்கே அப்படித்தான் சார், நெஞ்சை நிமிர்த்திக்கினு நிற்கணும் என்றார் ஷஃபியுல்லா. கை மணிக்கட்டுக்கு எட்டவில்லை. உள்ளே போடுற சட்டையோட கஃப் வெளியே தெரியணும் சார் என்றார். தொப்பைக்கு மேல் பொத்தான் சேரவே இல்லை. திறந்து போட்டால்தானே சார் உள்ளே இருக்கிற வெயிஸ்ட்கோட்டு தெரியும் என்றார். விஷயம் தெரிந்த டெய்லர் கிடைத்துவிட்டார் என்று துரைக்கு ஏக சந்தோஷம்.

அடிக்கிற வெயிலுக்குத் துரை தானே ஒரு வழி கண்டுபிடித்தார். அந்தக் காலத்தில் முழுச் சட்டை போடாமல், கஞ்சி போட்ட முன்பக்கத்தை மட்டும் கட்டிக்கொண்டவர்களும் உண்டாம். அதே மாதிரி சட்டைக்கும் வெயிஸ்ட்கோட்டுக்கும் முன்பக்கம் மட்டும் ஒரே துண்டாகத் தைத்து, கஃபைக் கோட்டுக் கையோடு சேர்த்து ஒட்டுத் தையல் போட்டாகிவிட்டது. பின்னால் ரெண்டு நாடா. மற்றபடி வெறும் முதுகு. வெளியே துரை, உள்ளே காற்றோட்டம்.

வரவேற்பன்று நாடாவைக் கட்டிவிட்டவள் விக்டோரியாதான். கட்டிக்கொண்டே, அந்தத் துரைமார்கள் பொம்பளைகளிடம் எப்படி நடந்துக்குவாங்க என்று கேட்டாள். பெண் வந்தால் எழுந்து நிற்பார்கள், கதவு திறந்துவிடுவார்கள் என்று அடுக்கினார்.

"குளிருதுன்னு சொன்னா?"

"கோட்டைக் கழட்டிப் போத்திவுடுவான். அவன்தான் ஜென்டில்மேன்."

"நல்ல மனுஷங்க" என்று முடிச்சை இறுக்கினாள்.

மண்டபத்தில் சாம்சன் அசந்தே போனான். டூட்டிப் பேச்சே எடுக்கவில்லை. "ராஜா மாரி கீறீங்க மாமா" என்று சொந்தக்காரர்களைக் கூட்டிவந்து காட்டினான். துரைக்குத் தரையில் கால் பாவவில்லை. புடவை கண்ட பக்கமெல்லாம் எழுந்து நின்றார். ஜென்டில்மேன் என்றால் யார் என்று வரிசையாக எல்லோருக்கும் பாடம் எடுத்தார்.

ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த விக்டோரியா கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"இன்னாங்க, குளிருது."

சொந்தபந்தம் மொத்தமும் துரையைப் பார்த்தது. "குடுங்க மாமா, இப்பதான சொன்னீங்க" என்றான் சாம்சன். துரைக்கு அந்த ஏசியிலும் வியர்த்தது. அவள் காதருகே குனிந்து, "முதுகுடி" என்றார்.

அவள் கைப்பையைத் திறந்தாள். இஸ்திரி போட்ட லாவண்டர் சட்டை. "மாடில ரூமு காலியாத்தான் கீது" என்றாள்.

துரை மாடிக்குப் போனார். சட்டையோடு இறங்கி வந்து கோட்டை அவள் தோளில் போர்த்தினார். அவள் கைகளை நுழைத்துப் பொத்தான்களையும் போட்டுக்கொண்டாள். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். போட்டோக்காரர் ரெண்டு பேரையும் சேர்த்து நிறுத்தினார். புடவையும் சட்டையும் அச்சு அசல் ஒரே கலர். அந்தக் கோட்டில் அவளைப் பார்க்க நிஜமாகவே மகாராணி மாதிரி இருந்தது. துரைக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு ராத்திரிக்குத்தானே, போட்டுக்கொள்ளட்டும் என்று நினைத்தார்.

அப்போதுதான் உற்றுப் பார்த்தார். தோள் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்திருந்தது. கை மணிக்கட்டில் நின்றது. பொத்தான் அத்தனையும் சேர்ந்தது.

"உனக்கு மட்டும் எப்படி இவ்ளோ கச்சிதமா கீது?"

விக்டோரியா போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"உங்களை அளந்தது சும்மா ஒப்புக்கு. பாய் தச்சது என் அளவுக்கு. கையை எடுங்க, திங்கக்கிழமை டூட்டிக்குப் போட்டுக்கினு போவணும், கசங்கிடப் போவுது."